அனுமதியின்றி நகர்ந்த அலுவலகம்

ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில், ஆஸ்திரேலியாவின் அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றும், தாம் இருந்த இடத்திலேயே இருப்பதாக இருப்பிட இணக்க வாரியத்துக்கு உறுதியளிக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்று கணினியில் ஒரு படிவம் உண்டு. ஒரே ஒரு கேள்விதான். "தங்கள் வளாகம், பதிவு செய்யப்பட்ட இடத்திலிருந்து நகர்ந்துள்ளதா?" கீழே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. 'ஆம்' என்றால் எவ்வளவு தூரம் என்று எழுத ஒரு கோடு. அந்தக் கோட்டில் அதுநாள்வரை எவரும் எதுவும் எழுதியதில்லை. படிவத்தை வடிவமைத்த குழுவினரே அதை ஒரு லட்சணத்துக்காகத்தான் வைத்திருந்தார்கள்.

கோதுமை வயல்களுக்கு நடுவே நூரபின் குன்றின் மேல் இருக்கும் லேசர் அளவை நிலையத்துக்கு இந்தப் படிவத்தைத் தலைமையகமே நிரப்பி வந்தது. அந்த ஆண்டு அரசுத் துறைகளில் 'பொறுப்பை முனைகளுக்குக் கொண்டு செல்லல்' என்றொரு புதுமோகம் பரவியது. தலைமையகத்தில் ஒருவருக்கும் வேலை செய்ய விருப்பமில்லை என்பதை ஐம்பது பக்கத்தில் எழுதினால் அப்படித்தான் வரும். ஆகவே படிவம் நேராக நிலையப் பொறுப்பாளர் நோயலீன் பாஸ்கோவின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அங்கேதான் பிசகு நடந்தது. நோயலீனின் பிழைப்பே 'எவ்வளவு தூரம்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான். கைப்பேசியிலும் காரிலும் டிராக்டரிலும் வழி சொல்கிறதே, அந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை போகும் பாதை சரிதானா என்று யாராவது பார்க்க வேண்டாமா? நூரபினிலிருந்து ஒரு லேசர் ஒளித்துடிப்பு மேலே போகும். செயற்கைக்கோளின் வயிற்றில் ஒட்டியிருக்கும் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வரும். போய்வர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, விரல் அகலம்கூடப் பிசகாமல் சொல்லிவிடுவாள் நோயலீன். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. தானே நம்பாத எண் ஒன்றைக்கூட அவள் வெளியே அனுப்பியதில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை என்றாலும் உள்ளுக்குள் அந்தக் கர்வம் இருந்தது.

அப்பேர்ப்பட்டவளிடம் போய் 'நகர்ந்தீர்களா, எவ்வளவு தூரம்?' என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். 'ஆம்' கட்டத்தில் குறியிட்டாள். கோட்டில் "2.104 மீட்டர், வடகிழக்காக. பிழை வரம்பு இரண்டு மில்லிமீட்டர்" என்று எழுதினாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு வரைபடத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது.

"மேற்படி வளாகம் உரிய முன் அனுமதியின்றி 2.104 மீட்டர் தூரம் இடம்பெயர்ந்திருப்பது, தங்களுடைய சொந்த வாக்குமூலத்தின் வாயிலாக இவ்வாரியத்தின் மேலான கவனத்துக்கு வந்துள்ளது. வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இக்குறைபாடு நிவர்த்தி செய்யப்படாவிடில், நிலையம் அங்கீகரிக்கப்பட்ட வளாகங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுப் பூட்டப்படும் என்பது இதன்மூலம் அன்புடன் தெரிவிக்கப்படுகிறது."

'அன்புடன்' என்ற சொல்லும் அந்த ஆண்டு வந்த மோஸ்தர்தான். கையெழுத்துப் போட்டிருந்தவர் லாக்லன் வெதரில், மூத்த இணக்க அலுவலர், கான்பரா. நோயலீன் தொலைபேசியை எடுத்தாள்.

"லாக்லன், நகர்ந்தது நாங்க இல்ல. ஆஸ்திரேலியா."

"முழுசுமா?"

"முழுசும்தான். வருஷத்துக்கு ஏழு சென்டிமீட்டர். பதிவேட்டுல எங்க இடத்தை எழுதி முப்பது வருஷமாச்சு. பெருக்கிப் பாருங்க. உங்க ஆபீஸும் சேர்ந்துதான் நகருது."

"எங்க ஆபீஸ் நகரலைன்னு எழுதிக் குடுத்திருக்கு, நோயலீன். நானேதான் நிரப்பினேன்."

"எழுதிக் குடுத்துட்டா நகராதா?"

"இங்க பாருங்க. மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் வளாகம். எல்லாரும் 'இல்லை'. நீங்க ஒருத்தர்தான் 'ஆம்'. பதினோராயிரம் பேர் நிக்கிறாங்க, ஒருத்தர் மட்டும் நகருறார்னா யார் மேல சந்தேகம் வரும்? நீங்களே சொல்லுங்க."

நோயலீன் தொலைபேசியை வைத்தாள். அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை காலை லாக்லன் வெதரில் நேரிலேயே வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். வெட்டவெளிக் குன்றில் தலையில் விழுவதற்கு வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும் தலைக்கவசம் போட்டிருந்தார். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் ஒரு மேலங்கி. அதன் முதுகில் 'உங்களோடு ஒரு பயணம்' என்று எழுதியிருந்தது.

அவரை வரவேற்க நிலையத்தின் ஊழியர்கள் அனைவரும் வரிசையில் நின்றார்கள். அதாவது நோயலீனும் டெஸ் லட்புரூக்கும். டெஸ்ஸின் உத்தியோகம், லேசரை மேலே அனுப்பும் தொலைநோக்கிக்குச் சற்றுத் தள்ளி ஒரு கித்தான் நாற்காலியில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது. விமானம் ஏதும் குறுக்கே வந்தால் கையிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி லேசரை நிறுத்த வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் பதினோரு விமானங்களுக்கும் ஒரு கழுகுக்கும் அழுத்தியிருக்கிறான். கழுகு கணக்கில் சேராது என்று தலைமையகம் பின்னால் தெரிவித்தது. யாரைப் பார்த்தாலும் 'மேட்' என்பான்; 'நண்பா' என்பதற்கு அந்த ஊர் வழக்கு.

தேநீரும் இறைச்சி பொதிந்த சாசேஜ் ரோலும் வந்தன. லாக்லன் குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வட்டம் போட்டுக்கலாம். இன்னைக்கு உங்க மனசு எந்த வானிலைன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எங்க எல்லாக் கூட்டத்துலயும் இப்பல்லாம் இதுதான் முதல்ல."

"மேகமூட்டம்," என்றான் டெஸ் உடனே.

"அப்படியா? ஏன் டெஸ்?"

"மேகம் இருந்தா லேசர் மேல போகாது, மேட். மத்தியானத்துக்கு மேல வேலை இல்ல. மேகமூட்டம்னா எனக்கு ரொம்ப சந்தோஷம்."

லாக்லன் 'மனநிலை: மேகமூட்டம். ஆறுதல் தேவை' என்று எழுதிக்கொண்டார். பிறகு தன் கைப்பேசியை எடுத்துத் தொலைநோக்கியின் அருகே நீட்டிப் பிடித்தார். திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பாருங்க. நீங்க பதிவேட்டுல இருக்கிற இடத்துல இல்லைன்னு இதுவும் சொல்லுது."

"அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் நோயலீன்.

"சேட்டிலைட் சொல்லுது."

"சேட்டிலைட் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அது... யாரோ அளந்து சொல்வாங்க."

"அந்த 'யாரோ'வுல நாங்களும் உண்டு. எங்களை மாதிரி உலகம் முழுக்க நாப்பது நிலையம் அளக்குது."

லாக்லனின் முகம் மாறியது. பேனா வேகமாக ஓடியது.

"அப்ப நீங்க சேட்டிலைட்டுக்கு சாட்சி, சேட்டிலைட் உங்களுக்கு சாட்சி. ஒருத்தருக்கொருத்தர் நற்சான்று. நோயலீன், இது இடம் மாறுன விஷயத்தைவிடப் பெருசு. இந்த சேட்டிலைட்டோட எத்தனை வருஷமாப் பழக்கம்?"

"இப்ப தலைக்கு மேல வர்றதோடயா? ஒன்பது வருஷம்."

"பரிசு ஏதாவது குடுத்து வாங்கியிருக்கீங்களா?"

"வெளிச்சம் குடுப்போம். திருப்பிக் குடுத்துடும்," என்றான் டெஸ்.

அதுவும் குறிப்பேட்டில் ஏறியது.

அடுத்ததாக, நிலையம் எங்கே இருந்திருக்க வேண்டுமோ அந்த இடத்தைக் காட்டும்படி லாக்லன் கேட்டார். நோயலீன் அளந்து காட்டினாள். தொலைநோக்கியின் நடுப்புள்ளியிலிருந்து தென்மேற்கே இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டரும் சொச்சமும். அந்த இடத்தில் டெஸ்ஸின் கித்தான் நாற்காலி இருந்தது. அதில் டெஸ் இருந்தான். அவன் மடியில் பாதி சாசேஜ் ரோல் இருந்தது.

"எழுந்திரிங்க," என்றார் லாக்லன்.

"ஏன் மேட்?"

"நீங்க நிலையத்து மேல உக்காந்திருக்கீங்க."

சட்டப்படி அவர் சொன்னது முற்றிலும் சரி. பதிவேட்டின்படி நூரபின் லேசர் அளவை நிலையம் என்பது அந்த நாற்காலிதான். பக்கத்தில் ஆறு டன் எடையோடு நின்றுகொண்டிருந்த தொலைநோக்கி எங்கிருந்தோ வந்த ஆக்கிரமிப்பு. லாக்லன் நாற்காலியில் சொத்து எண் பொறித்த வில்லையை ஒட்டினார். சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டினார். நிலையத்துக்குள் உணவுப் பொருள் கொண்டுவரக் கூடாது என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். அதன்பின் டெஸ் தன் நாற்காலியில் உட்கார வேண்டுமானால் வருகையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் தலைக்கவசம் அணிய வேண்டியதாயிற்று. சாசேஜ் ரோலை வெளியே நின்று தின்றான்.

"சரி, இப்ப வழி பிறந்துடுச்சு," என்றார் லாக்லன். "எதையும் இடிக்க வேண்டாம், தூக்க வேண்டாம். இனிமே நீங்க அனுப்புற எண்களை எல்லாம் நாற்காலியிலேர்ந்து அளந்ததா எழுதி அனுப்புங்க. பதிவேடும் சரியாயிடும், நிலையமும் மூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

"அளந்தது தொலைநோக்கி. நாற்காலி அளக்கலையே."

"ரெண்டு மீட்டர்தானே? இருபதாயிரம் கிலோமீட்டர்ல ரெண்டு மீட்டர். யார் பார்க்கப் போறாங்க?"

"எல்லாரும் பார்ப்பாங்க. அதான் அவங்க வேலை. நாங்க மில்லிமீட்டருக்கு அடிச்சுக்கிறவங்க, லாக்லன். ரெண்டு மீட்டர் தள்ளி எண் அனுப்பினா, மத்த நிலையங்க எல்லாம் நூரபின் குடிச்சிட்டு அளக்குதுன்னு எங்க எண்ணை அடிச்சுட்டுப் போயிடும். அப்புறம் இந்த நிலையம் திறந்திருந்தா என்ன, பூட்டியிருந்தா என்ன?"

"திறந்திருக்கும்கறது பெரிய விஷயம்தானே," என்றார் லாக்லன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அன்று மதியம் நோயலீன் இரண்டு வழியையும் எடைபோட்டுப் பார்த்தாள். பொய்யை எழுதினால் நிலையத்தின் பெயர் போகும், எழுதாவிட்டால் நிலையமே போகும். இருபத்தாறு வருஷத்தை ஒரு கித்தான் நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டானே என்று அவளுக்கு அழுகையே வந்தது. அழவில்லை. வாரியத்தின் விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்நூற்று நாற்பது பக்கம். எழுதியவர்கள் உட்பட யாரும் முழுதாகப் படித்திராத புத்தகம் அது. வியாழக்கிழமை பிற்பகல், அறுபத்தொன்றாம் விதியில் வந்து அவள் விரல் நின்றது.

"நகரும் ஊர்தியில் அமைந்துள்ள வளாகம், ஊர்தி நகர்வதன் காரணமாக நகர்ந்ததாகக் கருதப்படலாகாது."

ஊர் ஊராகப் போகும் நூலக வண்டிக்கும் பல் மருத்துவ வண்டிக்கும் எழுதிய விதி. நோயலீன் அதை நான்கு தடவை படித்தாள். பிறகு லாக்லன் தங்கியிருந்த விடுதிக்குப் போன் போட்டாள்.

"லாக்லன், ஊர்திப் பதிவுப் படிவம் கையில இருக்கா?"

"இருக்கு. எந்த வண்டிக்கு?"

"ஆஸ்திரேலியாவுக்கு."

அவர் சிரிப்பார் என்று நோயலீன் எதிர்பார்த்தாள். லாக்லன் சிரிக்கவில்லை. விதி எண் என்ன என்று மட்டும் கேட்டார். அறுபத்தொன்று என்றதும் அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. வழி இருக்கிறது என்றால் அது எங்கே போகிறது என்று பார்க்கிறவர் அல்ல அவர்.

வெள்ளிக்கிழமை மதியம் இருவரும் அலுவலக அறையில் உட்கார்ந்தார்கள். லாக்லன் கேட்கக் கேட்க நோயலீன் சொன்னாள்.

"சக்கரம் எத்தனை?"

"இல்ல."

"அதிகபட்ச வேகம்?"

"வருஷத்துக்கு ஏழு சென்டிமீட்டர்."

"நல்ல விஷயம். பள்ளிக்கூடப் பக்கம் போறப்ப தனியா வேகம் குறைக்க வேண்டாம். பின்பக்கமா ஓட்ட முடியுமா?"

"முடியாது."

"பயணிகள்?"

"ரெண்டு கோடியே எழுபது லட்சம். ஆடு மாடு சேர்க்கணுமா?"

"சரக்குல போட்டுக்கறேன். எடை நாலரை டன்னுக்கு மேல வருமா?"

நோயலீன் யோசிப்பது போல் பாவனை செய்தாள். "கொஞ்சம் மேல வரும்."

"அப்ப கனரக வண்டி. சேருமிடம்?"

"இப்படியே போனா இந்தோனேசியா பக்கம்."

"எப்ப?"

"சில கோடி வருஷத்துல."

"'விரைவில்'னு போட்டுக்கறேன். தேதி இல்லாம கணினி ஏத்துக்காது, 'விரைவில்'னா ஏத்துக்கும்." லாக்லன் அடுத்த வரிக்கு வந்து நின்றார். "டிரைவர் பேர்?"

நோயலீன் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு ஆகியிருந்தது.

"டிரைவர் இல்லாம பதிய முடியாது," என்றார் லாக்லன். "ஓடுற வண்டியில டிரைவர் இல்லைன்னா அது குத்தம். இப்ப பூட்டு மட்டும்தான். அப்புறம் கேஸே வரும்." அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "டிரைவர் யாருங்கறதுக்கு இங்க விளக்கம் இருக்கு. 'ஊர்தியில் தனக்கென ஒதுக்கப்பட்ட இருக்கையில் அமர்ந்து, முன்னால் வருவனவற்றைக் கவனித்து, அபாயம் நேரும்போது நிறுத்தும் கருவியை இயக்கும் நபர்.'"

இருவரும் மெல்லத் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மஞ்சள் நாடாவுக்கு நடுவே, சொத்து எண் ஒட்டிய நாற்காலியில், தலைக்கவசத்தோடு, சிவப்புப் பொத்தானைக் கையில் பிடித்தபடி டெஸ் லட்புரூக் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லைசென்ஸ் இருக்கா டெஸ்?" என்று லாக்லன் ஜன்னலைத் திறந்து கேட்டார்.

"லாரி ஓட்டுற லைசென்ஸ் இருக்கு. ஏன் மேட், ஏதாவது தள்ளி நிறுத்தணுமா?"

நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுமதி வந்தது. ஆஸ்திரேலியக் கண்டம் கனரக ஊர்தியாகப் பதிவு செய்யப்பட்டது. ஓட்டுநர் டெஸ்மண்ட் லட்புரூக். நூரபின் நிலையம் எங்கும் நகரவில்லை என்றும், நகர்ந்தது வண்டிதான் என்றும் வாரியம் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. எண்களைத் தொலைநோக்கியிலிருந்தே அனுப்பலாம். நாற்காலியைச் சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்துவிட்டு, அதே நாற்காலியில் 'ஓட்டுநர் மட்டும்' என்ற அட்டையைக் கட்டிவிட்டு லாக்லன் கிளம்பினார். போகும்போது கண் கலங்கியிருந்தார். தன் பணிக்காலத்தில் ஒரு பிரச்சினை உண்மையாகவே தீர்ந்தது இதுதான் முதல் தடவை என்றார்.

நோயலீனும் டெஸ்ஸும் மிச்சமிருந்த லாமிங்டன் கேக்கைத் தின்று கொண்டாடினார்கள். ஒரு பொய் எண்கூட எழுதாமல் ஜெயித்துவிட்டோம் என்று நோயலீனுக்கு மனசு நிறைந்திருந்தது. டெஸ் நாற்காலியில் சாய்ந்து, "எல்லாரும் உக்காந்தாச்சா? வண்டி எடுக்கட்டா?" என்று அன்று மாலை முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோது புதிதாக ஒரு படிவம் காத்திருந்தது. கனரக ஊர்தி ஓட்டுநர்களின் அயர்வுத் தடுப்புக் குறிப்பேடு, வாராந்தரம். ஓட்டுநர் களைத்துப்போய் ஸ்டியரிங்கில் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக, லாரி ஓட்டுகிற எல்லாரும் ஓய்வு நேரத்தை எழுதிவைக்கிறார்களே, அது. சனி, ஞாயிறு டெஸ்ஸுக்கு விடுமுறை. அவன் மீன் பிடிக்கப் போயிருந்தான். படிவத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது.

"ஓட்டுநர் ஓய்வில் இருந்த நேரம் முழுவதும் ஊர்தி நகராமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததா?"

கீழே இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை. 'இல்லை' என்றால் எவ்வளவு தூரம் என்று எழுத ஒரு கோடு.

நோயலீன் வழக்கம்போல் கணக்குப் போட்டாள். இரண்டு நாளைக்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 'இல்லை' கட்டத்தில் குறியிட்டாள். உடனே திரை சிவந்தது. "ஓட்டுநரின்றி ஊர்தி ஓடியதாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இக்குறைபாடு நிவர்த்தி செய்யப்படாவிடில், ஊர்தியும் அதிலுள்ள வளாகங்கள் அனைத்தும்..." அதற்குமேல் அவள் படிக்கவில்லை.

டெஸ் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தான்.

"மறுபடியுமா, நோயலீன்?"

"நகர்ந்துதே, டெஸ்."

"அரை மில்லிமீட்டர். அதையும் கோட்டுல எழுதப் போறியா? படம் வேற வரைஞ்சு அனுப்புவ. இந்த வெள்ளிக்கிழமை லாக்லன் வந்தா எனக்கு இன்னும் என்னென்ன ஒட்டிட்டுப் போவாரோ."

நோயலீன் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மேகம் இல்லை. இன்னும் பத்து நிமிஷத்தில் செயற்கைக்கோள் ஒன்று தொடுவானத்துக்கு மேலே வரும். அதன் தூரத்தை அவள் மில்லிமீட்டர் பிசகாமல் சொல்ல வேண்டும். அதற்கு நிலையம் திறந்திருக்க வேண்டும். நிலையம் திறந்திருக்க வேண்டுமென்றால் ஒரு கட்டம்தான். அவள் விரல் தானாகவே போய் 'ஆம்' கட்டத்தை அழுத்தியது.

திரை பச்சையாகிப் பளிச்சென்றது. "நன்றி. தங்கள் நேர்மை பதிவு செய்யப்பட்டது. அடுத்த வாரம் முதல் இவ்விடை தானாகவே நிரப்பப்படும்."

பதினோராயிரத்துச் சொச்சம் அலுவலகங்களும் முப்பது வருஷமாக இம்மியும் நகராமல் எப்படி நின்றன என்பது அப்போதுதான் நோயலீனுக்கு விளங்கியது. அவற்றில் ஏதோ ஒன்றிலாவது, முதல் வருஷம், அவளைப் போலவே ஒருத்தி 'ஆம், நகர்ந்தது' என்று எழுதப் போய், கடைசியில் 'இல்லை' என்று மாற்றியிருப்பாள்.

டெஸ் வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நோயலீன், நாம இப்ப எங்க இருக்கோம்?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"இருந்த இடத்துலதான்," என்றாள் நோயலீன். "வானத்தைப் பாரு."